தாத்தாவின் கையெழுத்து சின்னதானபோது

ஜூன் 9

அன்புள்ள கட்டெறும்புக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை.

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா? அம்மா சௌக்கியமா?

தாள் முடிந்துவிட்டது.

தாத்தா


ஜூன் 21

அன்புள்ள தாத்தாவுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அப்பா லாரியோடு வெளியூர் போயிருக்கிறார். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

தாத்தா, உங்கள் கடிதத்தை நானே படித்தேன்! அம்மா படித்துக் காட்டவில்லை. எனக்கு வந்த கடிதம் ஒன்றை நானே படித்தது இதுதான் முதல் தடவை. மற்றவர்கள் எழுதினால் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். உங்கள் ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அளவு இருக்கிறது. மூக்கு தாளில் இடிக்கவே இல்லை.

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இவ்வளவுதான், கண்ணாடி போட்டாலும் முழுதாகச் சரியாகாது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே இருந்த அக்கா, "இருக்கிற பார்வையை வச்சே என்னென்ன பண்ணலாம்னு பார்ப்போமா?" என்று கேட்டார். இரண்டு சாமான் கொடுத்தார். ஒன்று தாளின் மேல் வைத்து நகர்த்துகிற பூதக்கண்ணாடி. பாதி உருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்குத் தவளை என்று பேர் வைத்திருக்கிறேன். இன்னொன்று ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னத் தொலைநோக்கி. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போர்டைப் பார்க்க வேண்டும். புத்தகத்தை நிறுத்தி வைக்க ஒரு சாய்வுப் பலகையும் தந்தார்.

பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இந்த வருஷக் கடைசிக்குள் நான் போர்டைப் பார்த்து எழுதவும் புத்தகத்தை நானே படிக்கவும் பழக வேண்டுமாம். இல்லாவிட்டால் ஹாஸ்டல் உள்ள வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் நல்லதாம். "அது ரொம்ப நல்ல ஸ்கூல்டி, தோட்டமெல்லாம் இருக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஒரே தட்டை மறுபடி மறுபடி கழுவினாள்.

நான் தடிப் பேனாவில் எழுதுகிறேன். உங்களுக்குப் புரிகிறதா?

உங்கள் கட்டெறும்பு


ஜூலை 14

அன்புள்ள கட்டெறும்புக்கு,

இங்கே எல்லாம் சுகம். நீ விசாரித்ததை முழங்காலிடம் சொன்னேன். அதற்குப் பெருமை தாங்கவில்லை, மூன்று நாள் வலிக்கவே இல்லை.

உன் கடிதத்தை லிஃப்டுக்குள் என் முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். மேலே போகும்போது ஒரு வரி. கீழே வரும்போது ஒரு வரி. நடுவில் பல் டாக்டரிடம் போகிறவர்கள் ஏறினார்கள். அவர்கள் வலியில் இருப்பதால் நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பதில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த லிஃப்டை எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறேன் அல்லவா? கதவுக்கு மேலே ஒரு தகடு இருக்கிறது. தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைப்பேன். போன வாரம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "சரக்கு ஏற்ற மட்டும். ஆட்கள் ஏறக் கூடாது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன்! மேனேஜரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, "பெரியவரே, இவ்வளவு நாள் படிக்காம ஓட்டுனீங்க. இன்னும் கொஞ்ச நாள் படிக்காத மாதிரியே ஓட்டுங்களேன்" என்றார். அது பழைய லிஃப்டின் தகடாம். யாரும் கழற்றவில்லை.

ஆபீஸ்கள் மூடிய பிறகு மேல்மாடியில் ஒரு காலி அறையில் எங்கள் முதியோர் கல்வி வகுப்பு நடக்கிறது. டீச்சர் உன் அம்மாவைவிடச் சின்னவர். நான் தாளைத் தள்ளி வைத்துத்தான் எழுதுவேன், கிட்டே வைத்தால் தெரியாது. நேற்று, "தாத்தா, நோட்டை அடுத்த வீட்டுல வச்சிட்டு இங்கேருந்து எழுதுறீங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

தொலைநோக்கி எப்படி இருக்கிறது? போர்டு தெரிகிறதா?

இதை எழுத ஒரு வாரம் ஆனது. தாள்கள் அதிகம், கடிதம் சின்னது. கோபிக்காதே.

அம்மாவுக்கு என் ஆசி.

தாத்தா


ஆகஸ்ட் 2

அன்புள்ள தாத்தாவுக்கு,

எனக்குச் சளி பிடித்தது, போய்விட்டது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தகட்டுக் கதையைப் படித்துச் சிரித்தேன். நான் படிக்கிற வேகத்தில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் நிறைய வந்தது.

தொலைநோக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். அது தினமும் என்னோடு பள்ளிக்கூடம் வருகிறது. அதற்கு நீல நிற உறை. தவளைக்கும் ஒரு பை தைத்துக் கொடுத்தாள் அம்மா.

பக்கத்து பெஞ்சில் ஒரு முந்திரிக்கொட்டை இருக்கிறான். டீச்சர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லுவான். எனக்கு ஒரு பேர் வைத்திருக்கிறான். அது கடிதத்தில் எழுதுகிற பேர் இல்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வந்து போகிறது.

உங்கள் கட்டெறும்பு


செப்டம்பர் 5

அன்புள்ள கட்டெறும்புக்கு,

சளி போன பிறகும் வெந்நீர் குடி. உன் அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று நினைப்பாய். இல்லை! நானேதான். எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது. டீச்சர் கையோடு அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்தார். போட்டதும் என் விரல் ரேகை எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் என் கை இவ்வளவு கிழமாகிவிட்டது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எழுத்தும் தானாகச் சின்னதாகிவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, முத்து முத்தா இருக்கு தாத்தா" என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். முன்பெல்லாம் ஒரு தாளுக்கு உனக்கு மூன்று வரி கிடைத்தது. இப்போது எண்ணிப் பார். எல்லாம் உனக்குத்தான்.

உனக்குப் பேர் வைத்தானா அந்த முந்திரிக்கொட்டை? எனக்கும் வைத்திருக்கிறார்கள். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா என்னை எல்.கே.ஜி. என்றுதான் கூப்பிடுவார். லிஃப்ட் நிறைய ஆள் இருக்கும்போதுதான் கேட்பார், "என்ன எல்.கே.ஜி., வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" முதலில் எனக்குக் காது சூடாகும். கையிலிருக்கும் புத்தகத்தை முக்காலிக்கு அடியில் தள்ளிவிடுவேன். நேற்று தள்ளவில்லை. "முடிஞ்சுது சார். நீங்க இறங்க வேண்டிய மாடி தாண்டிப் போச்சு. வெளியில எழுதியிருந்தது, படிச்சேன்" என்றேன். மனுஷர் இரண்டு மாடி நடந்து இறங்கினார்.

முக்கியமான விஷயம். நவம்பர் கடைசி வாரம் எனக்கு லீவு. அங்கே வரவா? அம்மாவிடம் கேட்டு எழுது. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே.

தாத்தா


அக்டோபர் 19

அன்புள்ள தாத்தாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் நன்றாக இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது.

பூனை குட்டி போட்டது. மழை பெய்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறது.

உங்கள் கட்டெறும்பு


நவம்பர் 3

அன்புள்ள கட்டெறும்புக்கு,

பூனையும் குட்டிகளும் நலமா? அம்மா நலமா? நீ நலமா? பூனையை முதலில் கேட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே, பிள்ளை பெற்றவளை முதலில் விசாரிப்பதுதான் முறை.

போன திங்கட்கிழமை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே குமாஸ்தா, தாடையைத் துணியால் கட்டிய ஒரு பல்வலிக்காரர், பெரிய பெட்டியோடு ஒரு தையல்காரர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் செய்வது என்ன தெரியுமா? பதறுவேன். பொத்தானை ஒரு தட்டு தட்டுவேன். பிறகு கத்துவேன். ஆனால் பக்கச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஏதோ சோப்பு விளம்பரம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் படித்தேன். "பதற வேண்டாம். பதில் வரும்வரை சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கவும்." அழுத்திக்கொண்டே இருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது! லிஃப்ட் நகர்ந்ததும் குமாஸ்தா, "எல்.கே.ஜி. பாஸ்!" என்று கத்தினார். தாடை கட்டியவர்கூடச் சிரிக்கப் பார்த்து, "அய்யோ" என்றார்.

லீவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. வா என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல் போதும். நான் பெட்டியைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

தாத்தா


டிசம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கண்ணாடி பழகிவிட்டதா? இங்கே எல்லோரும் சுகம்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நவம்பர் மாதப் பரீட்சையில் அவள் பாதித் தாளை வெறுமனே கொடுத்திருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்கள், "அந்தத் தொலைநோக்கி பையை விட்டு வெளியில வந்ததே இல்லைம்மா." இத்தனை நாளும் அதைத் துடைத்து உறையில் போட்டு அனுப்பியது நான். வீட்டில் கேட்டால், "எனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது" என்கிறாள். பெரிய டீச்சர் மார்ச் வரை பார்ப்போம் என்றார்கள். அதற்கு மேல் ஹாஸ்டல்தான். எனக்கு அவளை அனுப்ப மனசு வரவில்லை அப்பா.

உங்கள் கடிதம் வந்தால் என்னிடம் தருவதில்லை. "எனக்கு வந்தது, நானே படிச்சிட்டேன்" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

ஒரு வருத்தம், சொல்லிவிடுகிறேன். நவம்பரில் உங்களுக்கு லீவு வருமே. வருகிறேன் என்று ஒரு வரியாவது எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் அவள் கொஞ்சம் தெம்பாக இருந்திருப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


டிசம்பர் 12

அன்புள்ள கட்டெறும்புக்கு,

சுகமா?

கண்ணாடி வந்த சந்தோஷத்தில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டேன்.

அது உனக்கு எட்டாது என்று தோன்றவே இல்லை.

அந்த இரண்டு கடிதத்தையும் பெரிதாக எழுதி அனுப்புகிறேன்.

நாளாகும். நான் மெதுவாக எழுதுகிறவன்.

தாத்தா


ஜனவரி 8

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் சுகம். முழங்கால், கண்ணாடி, லிஃப்ட் எல்லாம் சுகமா?

பெரிதாக எழுதி அனுப்ப வேண்டாம். படித்துவிட்டேன்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அவள் தனக்கு ஒன்றும் தெரியாது என்று மேலே பார்த்தாள்.

செப்டம்பரில் உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது எறும்பாக இருந்தது. அம்மாவிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் உங்கள் கடிதம் மட்டும்தான் நானே படிக்கிறது. அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன இருக்கும்? தவளையை எடுத்திருக்கலாம். ஆனால் அதை எடுத்தால் எனக்குக் கண் தெரியவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், எடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

உங்கள் பெரிய எழுத்துக் கடிதம் ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டது. அந்த இரண்டு கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. நீங்கள் எழுதி முடிக்கிற வரை காத்திருக்கவும் முடியவில்லை. நீங்கள் எவ்வளவு மெதுவாக எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா ரொட்டி ஃபாக்டரிக்கு வேலைக்குப் போனதும் ஜன்னலோரம் சாய்வுப் பலகையை வைத்துத் தவளையை எடுத்தேன். முதலில் வரி மாறி மாறிப் போனது. ஒரே வரியைத் திரும்பப் படித்தேன். அப்புறம் வரிக்கு அடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டேன், ஒழுங்காக ஓடியது.

குமாஸ்தா இரண்டு மாடி நடந்து இறங்கிய இடம் வந்ததும் தனியாகச் சிரித்தேன். தாடை கட்டியவர் "அய்யோ" என்றபோது அம்மா வந்துவிட்டாள். வாசலில் செருப்போடு அப்படியே நின்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லடி, நீ படி" என்றாள். பிறகு, "எனக்கும் அந்த இடத்தைப் படிச்சுக் காட்டேன்" என்றாள். நான் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு நான் படித்துக் காட்டினேன் தாத்தா!

மறுநாள் வகுப்பில் தொலைநோக்கியை எடுத்தேன். முந்திரிக்கொட்டை எனக்கு வைத்த பேர் கடல் கொள்ளைக்காரி. முதல் நாளே வைத்துவிட்டான், அன்றைக்கு உள்ளே போட்டதுதான். இப்போது மறுபடியும், "கொள்ளைக்காரி, கப்பல் தெரியுதா?" என்று கேட்டான். எனக்குக் காது சூடானது. உங்களுக்கும் ஆகுமென்று எழுதியிருந்தீர்களே, அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் கீழே வைக்கவில்லை. அவன் பக்கம் திருப்பி, "கப்பல் தெரியல. நீ மூக்கைத் துடைக்காம வந்தது தெரியுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் நிஜமாகவே மூக்கைத் துடைத்தான். பிறகு, "எனக்கு ஒரு தடவை குடேன்" என்று கேட்டான். குடுக்கவில்லை. நாளைக்குக் குடுக்கலாம் என்று இருக்கிறேன்.

வரவா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

உங்கள் கட்டெறும்பு


பிப்ரவரி 20

அன்புள்ள கட்டெறும்புக்கு,

உங்களையெல்லாம் பார்த்துவிட்டுச் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டி வழியிலேயே தீர்ந்துவிட்டது. எல்லோரும் நலமாக இருங்கள்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன். அப்போதுதான் எழுத்து பெரிதாக வருகிறது. இனி உனக்கு எப்போதும் இப்படித்தான்.

நாம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த அக்காவிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்தேன். கிட்டே போனதும், "நான்தான் இவளோட தாத்தா" என்று மட்டும் சொன்னேன். அவர், "தெரியுது, மூக்கு ஒரே மாதிரி இருக்கு" என்றார். ஒரு தொலைநோக்கியை என் கையில் கொடுத்தார். ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைப் பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். "பெரியவரே, பின்னாடி குழந்தைங்க காத்திருக்காங்க" என்று அவர் சொல்லும்வரை கீழே வைக்கவில்லை.

எனக்கு எழுத்தும் வந்தது, கண்ணாடியும் வந்தது. உனக்குத் தவளையும் தொலைநோக்கியும் வந்தன. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, கண்ணாடியைத் தேய்த்துச் செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

மார்ச்சில் பெரிய டீச்சர் கூப்பிடும் நாளில் நான் லிஃப்டில்தான் இருப்பேன். என் நினைப்பெல்லாம் அங்கே இருக்கும். குமாஸ்தா தப்பான மாடியில் இறங்கினால் அது என் குற்றமில்லை.

தாத்தா


ஏப்ரல் 2

அன்புள்ள தாத்தாவுக்கு,

இங்கே எல்லோரும் ரொம்ப ரொம்ப சுகம். ஏன் என்று சொல்கிறேன்.

பெரிய டீச்சர் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். போர்டில் ஒரு பத்தி எழுதினார்கள். தொலைநோக்கியில் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதுமாக மாறி மாறிச் செய்தேன். பாதியில் எந்த வரி என்று தொலைந்துபோனது. தேடிப் பிடித்தேன். மணி அடித்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் எழுந்திருக்கவில்லை. "உன் வேகத்துல எழுது. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார்கள். எழுதி முடித்தேன். அப்புறம் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தவளையை வைத்துப் படித்தேன். நிறுத்தச் சொன்ன பிறகும் படித்தேன், ஏனென்றால் கதை நல்ல இடத்தில் இருந்தது.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பெரிய டீச்சர் அவளிடம், "அடுத்த வருஷத்துக்கு நோட்டெல்லாம் இங்கேயே வாங்கிக்குங்கம்மா" என்றார்கள். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "எத்தனை நோட்டு?" என்று கேட்டாள். பிறகு புரிந்ததும் பெரிய டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நான் இங்கேதான் இருப்பேன் தாத்தா. முன் பெஞ்சில், ஜன்னல் பக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்னதாகவே எழுதுங்கள். பெரிதாக எழுதினால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

உங்கள் கட்டெறும்பு